ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதி

ஜூலை 3, 2024. மதுரை

அப்பாவின் முதுகில், இடப்பக்கம், விலாவுக்குக் கீழே ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். குழாயின் முனையில் ஒரு பை. நேராகச் சிறுநீரகத்திலிருந்து வருகிறது என்றாள் நர்ஸ். முதலில் வந்தது சிறுநீர் மாதிரியே இல்லை. கலங்கிய மோர் மாதிரி இருந்தது.

ஒரு நோட்டு வாங்கி, தினமும் எவ்வளவு வருகிறது என்று எழுதச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசல் கடையில் எண்பது பக்க நோட்டு கிடைத்தது. இடப்பக்கம் அளவு. வலப்பக்கம் மற்றவை. வலப்பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

90 மி.லி.

ஜூலை 4

140.

ஜூலை 5

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். மூன்று வருடத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கல் எடுத்தபோது உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மெல்லிய குழாய், இரண்டு முனையும் சுருண்டிருக்கும். மேல் சுருள் சிறுநீரகத்தில், கீழ்ச் சுருள் மூத்திரப்பையில். ஆறு வாரத்தில் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இப்போது இரண்டு சுருளிலும் கல் படிந்து, எக்ஸ்ரேயில் உடற்பயிற்சி செய்யும் டம்பல்ஸ் மாதிரி தெரிகிறது. மேலே அடைத்ததால் சிறுநீரகம் வீங்கி, சீழ் பிடித்து, காய்ச்சல்.

ஸ்கேனில் இடப்பக்கச் சிறுநீரகத்துக்குப் பதினொரு சதவீத வேலைதான். மீதி எல்லாவற்றையும் வலது செய்கிறது.

ஆறு வாரம் இந்தக் குழாய் வழியாக வடியவிட்டுப் பார்ப்பார்களாம். அந்தச் சதவீதம் ஏறினால் முதுகில் சின்னத் துளை போட்டுக் கல்லையும் ஸ்டென்ட்டையும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். ஏறாவிட்டால் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவது நல்லது.

அப்பா ஒன்று மட்டும் கேட்டார். ஒரு சிறுநீரகத்தோடு பஸ் ஓட்ட விடுவார்களா. டாக்டர், அதை உங்கள் டிப்போவில்தான் கேட்க வேண்டும் என்றார். டிப்போவில் என்ன சொல்வார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை விட்டு இறக்கி, டிப்போ வாசலில் உட்கார வைத்து, வருகிற போகிற வண்டிக்கு நேரம் குறிக்கச் சொல்வார்கள். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

அம்மா வராண்டாவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், அப்படி ஒரு குழாய் உள்ளே கிடப்பதாக யாருமே சொல்லவில்லை என்று.

யாருமே சொல்லவில்லை.

ஜூலை 7. சங்கரன்கோவில்

வீடு. அம்மா அங்கன்வாடிக்குப் போய்விடுகிறாள். பட்டப்படிப்பு, மேற்படிப்பு, அதற்கு மேலும் ஒரு படிப்பு எல்லாம் முடித்து, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற எனக்குப் பை அளக்கும் வேலை.

முதல் நாள் அப்பா விடவில்லை. தானே குனிந்து அளக்கப் பார்த்து, குழாய் இழுத்து, வலியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "பாத்துப் பிடிட்டி" என்றார்.

230.

ஜூலை 10

260. நிறம் தெளிகிறது. வெயில். துணி காய்ந்தது.

ஜூலை 13

மைதீன் மாமா வந்தார். பதினாறு வருடம் அப்பா ஓட்டிய வண்டிக்கு அவர்தான் கண்டக்டர். சங்கரன்கோவில் – மதுரை, போக இரண்டு வர இரண்டு. பையைப் பார்த்ததும், "என்ன டிரைவரே, சைடுல எக்ஸ்ட்ரா டேங்க் மாட்டிட்டாங்க போல" என்றார். அப்பா சிரித்தார். சிரித்தால் முதுகில் பிடிக்கிறது.

பிறகு மாமா என்னிடம் அப்பாவைப் பற்றிப் புகார் சொன்னார். காலையில் வண்டி எடுக்கும் முன் ஒரு டம்ளர் காப்பி. அதன்பின் மதுரை போய்ச் சேரும்வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் ஐம்பத்தைந்து பேர் காத்திருக்க வேண்டும். வண்டி சூடானால் ரேடியேட்டருக்கு ஊற்ற ஐந்து லிட்டர் கேன் வைத்திருப்பார், தனக்கு ஒரு பாட்டில் வைத்திருக்க மாட்டார்.

"இருவத்தேழு வருசத்துல ஒங்கப்பன் அவனுக்காக வண்டிய ஓரங்கட்டுனதே கெடையாது. அது ஒரு பெருமை இவனுக்கு. இப்பம் பாரு."

அப்பா மறுக்கவில்லை. எல்லா டிரைவரும் அப்படித்தான் என்றார்.

ஜூலை 14

நேற்று மாமா போனபின் தூக்கம் இல்லாத மத்தியானம்.

எனக்கு ஏழு எட்டு வயது. பள்ளி விடுமுறைகளில் அப்பாவோடு மதுரைக்குப் போவேன். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை, ஜன்னல் ஓரம். இஞ்சின் மூடியின் சூடு காலில் படும். அப்பாவின் கழுத்து, சட்டைக் காலருக்கும் முடிக்கும் நடுவில் கறுத்த ஒரு பட்டை. கியர் மாற்றும்போது தோள் லேசாகச் சாயும். நான் அந்தத் தோளைப் பார்த்து ஊர் வருகிறதா மேடு வருகிறதா என்று சொல்வேன். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மாமா ஒரு மக்காச்சோளம் வாங்கித் தருவார். ஜன்னல் வழியே வாங்கியது. வண்டி நிற்காது, ஊர்ந்துகொண்டே வாங்க வேண்டும்.

என் வாழ்க்கையில் இவ்வளவு பத்திரமாக நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

310.

ஜூலை 18

330.

ஜூலை 21

ஆறுமுகநயினார் மாமா தென்காசியிலிருந்து வந்தார். அம்மாவின் அண்ணன், வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. நுகர்வோர் கோர்ட்டில் ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுக்கலாம், கண்டிப்பாக நிற்கும் என்கிறார். முதலில் ஒரு நோட்டீஸ், இங்கிலீஷில். வக்கீல் பார்த்துத் திருத்திக் கொள்வார்.

"நம்ம வீட்லயே இங்கிலீஷ் படிச்ச புள்ள இருக்கு. வெளிய எதுக்கு அலையணும். ஸ்டென்ட் எடுக்கணும்னு எங்களுக்கு வாய்மொழியாவோ ஃபோன் மூலமாவோ யாரும் தெரிவிக்கல. இந்த ஒரு வரி முக்கியம் கோமு. அத நல்லா அழுத்தி எழுது."

சரி என்றேன்.

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 23

நோட்டீஸ் எழுதவில்லை. லேப்டாப்பில் கோளாறு என்று மாமாவிடம் சொன்னேன்.

ஜூலை 24

லேப்டாப்பில் கோளாறு இல்லை.

ஜூலை 29. மதுரை போய் வந்து

முதுகுக் குழாயைச் சுத்தம் செய்யப் போனோம். மைதீன் மாமாவின் வண்டிதான், ஸ்டியரிங்கில் யாரோ ஒரு புதுப் பையன். அப்பா மூன்றாவது வரிசையில். வேறொருவர் ஓட்டும்போது அப்பாவின் கால் தன்னால் பிரேக் போடுகிறது.

இப்போது நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். கல்லுப்பட்டி தாண்டியதும் முகம் மாறியது. நான் கேட்டேன். இல்லை என்றார். மறுபடி கேட்டேன். அம்மா எழுந்து போய் மாமாவிடம் சொன்னாள். மாமா விசில் ஊதினார், வண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. பையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு அப்பா இறங்கினார். யாரோ பின்னாலிருந்து, "கண்டக்டர், இது பாயிண்ட் டு பாயிண்ட்டா, டவுன் பஸ்ஸா" என்றார். மாமா அவரிடம் என்ன சொன்னார் என்று இங்கே எழுத முடியாது.

அப்பா ஏறி வந்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், "அஞ்சு நிமிசம் ஆயிட்டோ" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் இன்னொன்று நடந்தது. அம்மா பழைய ரெக்கார்டு கேட்டுக் கவுண்டருக்குப் போனாள். நானும் அப்பாவும் பின்னால். அங்கே ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். அம்மா அவளிடம் சத்தம் போட்டாள். ஒரு ஃபோன் பண்ண உங்களுக்கு விரல் இல்லையா என்று. அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பேசினாள். 

"ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு டிசம்பர் ஆறாம் தேதி பேசியிருக்கோம்மா. எடுத்திருக்காங்க. வர்றோம்னு சொன்னாங்கன்னு நோட் போட்டிருக்கு. அப்புறம் ரெண்டு மெசேஜ் போயிருக்கு."

எந்த நம்பருக்கு என்று அம்மா கேட்டாள். அவள் பத்து இலக்கத்தையும் வாசித்தாள். அம்மாவுக்கு எந்த நம்பரும் மனப்பாடம் கிடையாது. படத்தை அழுத்திப் பேசுகிறவள்.

அப்பா முன்னால் நகர்ந்து வந்தார்.

"அது எம் பழைய நம்பருதான். வண்டி ஓட்டிட்டு இருந்திருப்பேன். சரி சரின்னு சொல்லிட்டு மறந்திருப்பேன். அந்தப் புள்ளய விடு."

ஜூலை 30

அம்மா அப்பாவோடு பேசவில்லை. நோட்டீஸ் வேண்டாம் என்று ஆறுமுகநயினார் மாமாவுக்கு ஃபோன் செய்துவிட்டாள். "இவுகளே மறந்துட்டு எவம்மேல கேஸ் போட" என்று அவள் சொன்னது வாசல் வரை கேட்டது.

380.

ஆகஸ்ட் 3

சாப்பாடு வைக்கிறாள். தட்டை வைக்கும் சத்தம் பெரிதாக இருக்கிறது. தண்ணீர்ச் செம்பை என்னிடம் தந்து, அவரிடம் கொடு என்கிறாள். நாலடி தூரம்.

அப்பா என்னிடம் அந்த நம்பரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. பை அளக்கும்போது இருவரும் பையின் அளவுக் கோட்டை மட்டும் பார்க்கிறோம்.

410.

ஆகஸ்ட் 9

440. மழை. எதிரே பள்ளிக்கூடச் சுவர் நனைந்து மண் மணம் வந்தது.

ஆகஸ்ட் 16. மதுரை

மறு ஸ்கேன். கையில் மருந்து ஏற்றி ஒரு பெரிய கேமராவுக்கு அடியில் அரை மணி நேரம். முடிவு வரும்வரை அம்மா ஒரு தூணோரம், அப்பா ஒரு தூணோரம்.

பத்தொன்பது.

டாக்டரே கொஞ்சம் சிரித்தார். பதினொன்று பத்தொன்பதானது நல்ல ஏற்றமாம். சிறுநீரகத்தை எடுக்க வேண்டாம், துளை போட்டுக் கல்லை எடுக்கலாம்.

அப்பாவுக்குச் சந்தேகம். இவ்வளவு பாடுபட்டு மீண்டு வந்ததில் போய் ஓட்டை போட்டால், இருப்பதும் போய்விடாதா? டாக்டர் மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் காட்டினார். இவ்வளவு தடிமன்தான் வழி. சிறுநீரகத்தில் ரத்தக்குழாய் குறைவான இடமாகப் பார்த்து, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே உள்ளே போவார்கள். ஆறிய பின் ஒரு சின்னத் தழும்பு இருக்கும், அந்த இடம் வேலை செய்யாது, ஆனால் மொத்தத்தில் அது கணக்கிலேயே வராது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ரத்தம் போகும். நூறில் ஒருவருக்கு நிற்காமல் போய், அந்த ரத்தக்குழாயை அடைக்க வேண்டி வரும். அதை மறைக்க விரும்பவில்லை என்றார்.

"துளை உங்க கிட்னிய ஒண்ணும் செய்யாது அண்ணே. மூணு வருஷம் அடைச்சுக்கிட்டு இருந்துச்சே, அதான் தின்னது."

போனது திரும்ப வருமா என்று கேட்டது நான்.

"அடைப்புல மயங்கிக் கிடந்தது முழிச்சிருச்சு. அதான் இந்த எட்டு. செத்தது செத்ததுதான். அது வராதும்மா."

ஆகஸ்ட் 22

அப்பாவை எட்டரை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். குப்புறப் படுக்க வைத்துச் செய்வார்களாம். மூன்று மணி நேரம் ஆகலாம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைக்கிறாள். எனக்குச் செய்ய எதுவும் இல்லை. இன்று நோட்டின் இடப்பக்கம் காலி.

எழுதிவிடுகிறேன்.

அது என் நம்பர். அப்பா வண்டி ஓட்டும்போது ஃபோனை அணைத்து மாமாவின் டிக்கெட் பையில் போட்டுவிடுவார். அதனால் கேஸ் சிலிண்டர், பேங்க், ரேஷன், ஆஸ்பத்திரி, எங்கே கேட்டாலும் என் நம்பரைத்தான் கொடுப்பார். எம் மக எடுப்பா, என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு சந்தோஷம்.

2021 அக்டோபரில் முதல் முறை கல் எடுத்து டிஸ்சார்ஜ் ஆகி பஸ்ஸில் வந்தோம். அம்மா தூங்கிவிட்டாள். நான் டிஸ்சார்ஜ் சம்மரியை வாசித்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரியாக. கடைசி வரி, ஆறு வாரத்தில் ஸ்டென்ட் எடுக்க வர வேண்டும். "ஆறு வாரம் கழிச்சு ஒரு தடவ போகணும்ப்பா, தேதி வரும்போது நான் சொல்லுதேன்" என்றேன். உள்ளே ஒன்று இருக்கிறது என்று சொன்னேனா? சொன்னதாக ஞாபகம் இல்லை. நான் அப்போது என் பெட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். டிஸ்சார்ஜ் ஆன நாளே, இடுப்பைப் பிடித்தபடி கடைக்கு நடந்துபோய், நான் ஹைதராபாத் கொண்டுபோக ஒரு நீலப் பெட்டி வாங்கித் தந்திருந்தார்.

டிசம்பர் 6. பல்கலைக்கழகத்தில், ஏரிக்கு மேலே இருக்கும் பாறை. பாறை மத்தியானத்து வெயிலை வைத்துக்கொண்டு மாலையில் மெல்ல விடும். நான், கூடப் படித்த வம்சி, ஒரு பிளாஸ்கில் டீ. அவன் ஏதோ ஒரு கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தான், நான் கேட்கவில்லை, அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன் வந்தது. சங்கரபாண்டியன் சாரா என்றார்கள். மகள் என்றேன். ஸ்டென்ட் எடுக்க நாள் ஆகிவிட்டது என்றார்கள். வர்றோம் மேடம், என்றேன்.

யார் என்று வம்சி கேட்டான். ஊரிலிருந்து, சின்ன விஷயம் என்றேன்.

அவ்வளவுதான். மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அறைக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் தண்ணீரில் வெளிச்சம் மாறியது, அவன் வாசிப்பதை நிறுத்தினான். பிறகு மெசேஜ் வந்தபோது பார்த்தேன். அடுத்த மாதம் ஹைதராபாத் சிம் வாங்கினேன்.

இந்த மூன்று வருடமும் எனக்கு மனசு சரியில்லாதபோதெல்லாம் நான் அந்தப் பாறைக்குத்தான் திரும்பிப் போனேன். வம்சி எங்கே இருக்கிறான் என்று இப்போது தெரியாது. ஆனால் அந்த மாலை என்னிடம் இருந்தது. என் வாழ்க்கையின் மிக நல்ல ஒரு மணி நேரம் என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த நேரம் அப்பாவுக்குள் அந்தக் குழாயில் கல் படியத் தொடங்கியிருந்தது. இனி அந்தப் பாறையை எப்படி நினைப்பது என்று தெரியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டு இருபது. கதவு திறந்தது. கல் முழுவதும் எடுத்தாயிற்று. பழைய ஸ்டென்ட்டும் வந்துவிட்டது. ஒரு சின்ன டப்பாவில் காட்டினார்கள். மஞ்சள் பிடித்த, உடைந்த சுருள்.

ஆகஸ்ட் 23

பை சிவப்பு. நேற்றைவிட அடர்த்தி. ரத்தம் ஏற்றுகிறார்கள். நர்ஸ் ஒவ்வொரு மணிக்கும் வந்து பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். நூறில் ஒருவர்.

அம்மா கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறாள். இன்னும் பேசவில்லை. ஆனால் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 24

ரோஜா நிறம்.

ஆகஸ்ட் 25

தெளிந்த மஞ்சள். 620.

ஆகஸ்ட் 27

முதுகுக் குழாயை எடுத்து ஒரு பஞ்சு வைத்து ஒட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம். இரண்டு மாதத்தில் ஸ்டியரிங் பிடிக்கலாம், தண்ணீர் குடிப்பதாக இருந்தால் மட்டும் என்றார் டாக்டர்.

உள்ளே புது ஸ்டென்ட் ஒன்று இருக்கிறது. செப்டம்பர் 16 அன்று எடுக்க வேண்டும். அதே கவுண்டர் பெண். நம்பர் கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவரை முந்திக்கொண்டு, "எம் நம்பர எழுதும்மா. இவுகள நம்ப முடியாது" என்று தன் ஃபோனை அவளிடமே நீட்டினாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அப்போது சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 4

அம்மா தினசரிக் காலண்டரின் பதினாறாம் தேதித் தாளை முன்கூட்டியே மடித்து வைத்திருக்கிறாள்.

நேற்று அப்பாவிடம் மட்டும் சொல்லப் போனேன். "அப்பா, அந்த நம்பரு" என்று ஆரம்பித்தேன். "பரீட்சை ரிசல்ட்டு எப்பம் வருது" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

செப்டம்பர் 16

காலை பத்தேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மரத்துப்போக ஒரு ஜெல்லி. மயக்க மருந்துகூடக் கிடையாது. கேமரா வைத்த மெல்லிய கம்பியை விட்டு, கீழ்ச் சுருளைப் பிடித்து, இழுத்துவிட்டார்கள். நான் வராண்டாவில் ஒரு பாட்டிலைத் திறந்து மூடுவதற்குள் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

ரெண்டு நிமிஷம்தான் அண்ணே, என்றாள் கூட வந்த நர்ஸ்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அப்பா முன்னால், தனியாக, ஜன்னல் ஓரம். அதற்குப் பின் வரிசையில் அம்மாவும் நானும். திருமங்கலம் வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு அப்பாவின் பின்தலையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். ஏழு வாரத்துக்குப் பிறகு நேராக அவரிடம்.

"ரெண்டு நிமிசம். ரெண்டு நிமிச வேலைக்கு ஒரு கிட்னியக் கரைச்சுட்டு நிக்கீக. ஒத்த ஃபோனு வந்துச்சே, வீட்ல வந்து ஒரு வார்த்த சொல்ல வாயில்லாமப் போச்சா ஒங்களுக்கு?"

அப்பா திரும்பவில்லை. அவருடைய கழுத்து மட்டும் தெரிந்தது. முடியெல்லாம் நரைத்த பிறகும் அந்தக் கறுத்த பட்டை அப்படியே இருந்தது.

"அம்மா, அந்த ஃபோன் எனக்குத்தான் வந்துச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"அது என் பழைய நம்பரு. நான்தான் வர்றோம்னு சொன்னேன். ஒங்க யார்ட்டயும் சொல்லல."

வண்டி ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. அம்மா முன்னால் குனிந்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமா இது?"

"நம்பர் எனக்குத் தெரியாதா" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி. "நாந்தான எழுதிக் குடுத்தேன்."

அம்மா நிமிர்ந்தாள். பிறகு மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கம்பியைப் பிடித்து, ஒரு வரிசை முன்னால் போய், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ராஜபாளையம் வரை என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

செப்டம்பர் 17

அளக்க எதுவும் இல்லை.

அம்மா எனக்குத் தட்டு வைத்தாள்.  தண்ணீர்ச் செம்பை அப்பாவின் கையில் கொடுத்து என்னிடம் தரச் சொன்னாள். அப்பா கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார், பிறகு உள்ளே போனார்.

இப்போது அடுக்களையில் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ரேஷன் அரிசி, மைதீன் மாமா வீட்டுக் கல்யாணம், முருங்கைக்காய் விலை. இவ்வளவு நாளும் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் வருகிறது. என்ன பேசுகிறார்கள் என்று சில நேரம் கேட்கவில்லை. இரண்டு குரல் என்பது மட்டும் கேட்கிறது.